பஞ்சு என்று நினைத்துப் பிய்த்த கூடு

அந்தக் கூட்டைப் பிய்த்தது நான்தான். பிய்த்துவிட்டுப் பழியை வேறு ஆட்கள் மேல் போட்டதும் நான்தான். இரண்டையும் ஒரே நாளில் செய்தேன்.

இந்தத் தொடரில் இதுவரை மற்றவர்கள் தைத்த பனியன்களில் நான் கண்டுபிடித்த குறைகளைப் பற்றியே நிறைய எழுதிவிட்டேன். இந்த வாரம் என்னுடைய குறை.

ஐப்பசி மழை விட்டு வெயில் சுள்ளென்று காய்ந்த ஒரு காலை. காங்கயம் ரோட்டிலிருந்து பிரியும் மண் தடத்தில் என் மனைவியின் தம்பி சென்னியப்பனுக்கு ஒரு கொரங்காடு இருக்கிறது. உழவும் விதைப்பும் இல்லாமல், ஆடு மாடு மேய்வதற்கென்றே விட்டு வைத்த நிலத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. மழைக்குத் துளிர்த்த கிளுவை இலையைக் கசக்கினால் எலுமிச்சையும் சாம்பிராணியும் கலந்த மாதிரி ஒரு வாசம் வரும்.

வேலிக்கு மேல் தாழ்ந்திருந்த வெள்வேலக் கிளையில் ஒரு பொன்வண்டு. பச்சையா நீலமா என்று சொல்ல முடியாதபடி மின்னிக்கொண்டு இலையைக் கொறித்துக்கொண்டிருந்தது. கேமராவை எடுத்துக் கண்ணில் வைத்தேன். வண்டுக்குப் பின்னால், கிளுவை முள்ளில், அழுக்கு வெள்ளையாக ஒரு பொதி தொங்கியது. சருகு ஒட்டி, நூல் பிரிந்து, பார்க்கவே அசிங்கமாக.

எங்கள் ஊரில் வேலியில் வெள்ளையாக எது தொங்கினாலும் யாரும் இரண்டாவது தடவை பார்க்கமாட்டார்கள். நிட்டிங் யூனிட் ஜன்னலிலிருந்து பறக்கும் பஞ்சு, வேஸ்ட் ஏற்றிப் போகும் வண்டியிலிருந்து சிந்தும் நூல், கட்டிங்கில் விழுந்த துண்டுத் துணி எல்லாவற்றையும் காற்று கொண்டுவந்து முள்ளில் மாட்டிவிட்டுப் போகும்.

ஒரு குச்சியை எடுத்தேன். பஞ்சு மிட்டாய் சுற்றுகிற மாதிரி அந்தப் பொதியைச் சுற்றினேன். எதிர்பார்த்ததைவிட கெட்டியாக இருந்தது. பழைய துணி கிழிகிற சத்தத்தோடு வந்தது. கருப்பாகச் சில புள்ளிகள் உதிர்ந்தன. காய்ந்த விதைகள் என்று நினைத்தேன். பக்கத்தில் சென்னியப்பனின் ஆட்கள் வேலி கவாத்து செய்து போட்டிருந்த முள் குவியலில் குச்சியோடு வீசினேன். மத்தியானம் அந்தக் குவியலுக்குத் தீ வைத்துவிட்டார்கள்.

பொன்வண்டு படம் அருமையாக வந்தது.

பிசிர் வெட்டும் கை

எப்படி இப்படி ஒரு காரியம் செய்யத் தோன்றியது என்று கேட்டால், என் தொழிலைத்தான் சொல்ல வேண்டும்.

நான் வேதியியல் படித்தவன். சாயப் பட்டறை லேபில் சேரப் போய், எப்படியோ பனியன் கம்பெனியின் கடைசி செக்கிங்கில் உட்கார்ந்து, அங்கேயே தலை நரைத்தேன். மேஜைக்கு மேல் ட்யூப்லைட், கையில் நூல் வெட்டும் சின்னக் கத்திரி. தையலில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிரை வெட்டுவது, கறை பட்ட பீஸை ஒதுக்குவது, ஓட்டை விழுந்ததை ரிஜெக்ட்டில் போடுவது. வெளிநாட்டிலிருந்து வரும் பையர் கண்ணுக்குச் சிக்காத ஓட்டை என் கண்ணுக்குச் சிக்கும். அதில் எனக்கு ஏகப்பட்ட கர்வம்.

ஓய்வு பெற்றதும் மகள் ஒரு கேமராவும், சின்னப் பொருளைப் பெரிதாகக் காட்டும் ஒரு லென்ஸும் வாங்கிக் கொடுத்தாள். "சும்மா உக்காந்துட்டு அம்மா வைக்கிற கொழம்புல குத்தம் கண்டுபுடிக்காதீங்கப்பா" என்பது அவள் சொன்ன காரணம்.

கேமராவைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போனபோதும் கை பழைய கைதான். பூவுக்குப் பக்கத்தில் காய்ந்த காம்பு நீட்டிக்கொண்டிருந்தால் வெட்டுவேன். குறுக்கே வரும் இலையைக் கிள்ளுவேன். பின்னணி சுத்தமாக இருக்க வேண்டும். சட்டைப் பையில் அந்தக் கத்திரி எப்போதும் இருந்தது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். படித்த காலத்தில் கல்லூரி எனக்குச் சொல்லித்தராததை அந்தப் படங்கள் சொல்லித்தந்தன. எடுக்கும்போது தெரியாது. வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கும்போதுதான் தெரியும். ஆவாரம் பூவை எடுத்தேன் என்று நினைத்திருப்பேன். இதழோடு இதழாக ஒரு மஞ்சள் சிலந்தி உட்கார்ந்திருக்கும். எருக்கிலையை எடுத்தால் அடியில் முத்து மாதிரி ஒரு முட்டை. அது வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சியின் முட்டை என்றும், அதன் புழு பால் வடியும் எருக்கிலையையே தின்று வளர்ந்து, பறவை தொடாதபடி உடம்பைக் கசப்பாக்கிக்கொள்கிறது என்றும் பிறகு தெரிந்துகொண்டேன். எருக்கை நான் அதுவரை செடி என்றே மதித்ததில்லை.

உமர் பாய்

இந்தப் பைத்தியம் எனக்கு மட்டும் இல்லை. உமர் பாய்க்கும் பிடித்திருந்தது. கட் பீஸ் வியாபாரி. கம்பெனிக்கு வந்து போன பழக்கம். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர், என்னைவிட நல்ல கேமரா வைத்திருந்தவர். மனைவி தவறிய பிறகு கடையை மகன்களிடம் விட்டுவிட்டு, மொபெட்டில் காடு காடாகச் சுற்றினார்.

பூச்சிகளுக்கு அவர் வைக்கும் பெயர்கள் எல்லாம் கடைப் பெயர்கள். கும்பிடுபூச்சிக்கு 'பையர்'. "வந்து நின்னு கையக் கூப்பிக்கும். கடைசில நம்ம கழுத்தக் கடிச்சுப்போடும்" என்பார். தட்டானுக்கு 'ஹெலிகாப்டர்' என்று எல்லோரும் சொல்வதைத்தான் சொன்னார். அதைச் சுட்டிக்காட்டினால் கோபம் வரும்.

அவரையும் சென்னியப்பனிடம் அறிமுகப்படுத்தி வைத்தேன். மேல்கோடி வேலி அவருக்கு, கீழ்க்கோடி எனக்கு என்று பேசாமலேயே ஒரு ஏற்பாடு. அவரவர் கண்டதை, நல்ல படமாக வந்த பிறகுதான் காட்டிக்கொள்வோம். அந்தக் காலையில் பொன்வண்டைத் துரத்திக்கொண்டு அவர் பக்கத்துக்குள் நான் போயிருந்தேன்.

அன்று சாயங்காலம் படத்தை அவருக்கு அனுப்பினேன். 'பேக்ரவுண்ட் எவ்வளவு சுத்தம் பாருங்க' என்று ஒரு வரியும் சேர்த்தேன். உடனே போன் வந்தது.

"ஏனுங்ணா, இது மேக்கால வேலிக் கடவுகிட்ட இருக்கற வெள்வேலந்தானுங்க?"

"ஆமாங்க பாய்."

"அதுக்குப் பின்னால கிளுவைல இருந்த கூடு எங்கீங்க?"

"என்ன கூடு?"

"சிலந்திக் கூடுங்ணா! நூத்துக்கணக்குல ஒண்ணா இருந்துச்சுங்க. மழைக்கு முந்தியிருந்து எடுத்துட்டு இருக்கறேன். முடிச்சுப்போட்டு உங்ககிட்டக் காட்டலாம்னு இருந்தேன்."

குச்சியிலிருந்து உதிர்ந்த கரும்புள்ளிகள் அப்போதுதான் எனக்குப் புரிந்தன.

சொல்லியிருக்கலாம். 'பஞ்சுன்னு நெனச்சுட்டேன் பாய்' என்று மூன்று வார்த்தை. ஆனால் கண்ணை வைத்துப் பிழைத்த ஆள் நான். உயிருள்ள சிலந்திக் கூட்டத்தைப் பஞ்சென்று எடுத்து வீசினேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

"நான் போனப்பவே இல்லீங்களே" என்றேன். அதோடு நிறுத்தவில்லை. "ஆஸ்டல் ஆளுங்க போற வழிதானுங்க அது. அவங்க பிச்சுப் போட்டிருப்பாங்க."

அடைத்த கடவு

கொரங்காட்டுக்கு மேற்கே வடநாட்டுத் தொழிலாளர்களின் ஹாஸ்டல். கிழக்கே அவர்கள் வேலை பார்க்கும் கம்பெனி. வேலியில் ஆள் நுழையும் அளவுக்கு இரண்டு பக்கமும் இடைவெளி உண்டு. அதைத்தான் கடவு என்போம். அந்த வழியாக நடந்தால் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் கம்பெனி. இல்லையென்றால் கன்டெய்னர் லாரிகள் போகும் மெயின் ரோட்டின் ஓரமாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

உமர் பாய் கோபத்தோடு நேராகச் சென்னியப்பனிடம் போனார். சென்னியப்பனுக்கு ஏற்கெனவே எரிச்சல்தான். பாக்கு உறையைப் போடுகிறார்கள், போனில் பாட்டுப் போட்டு மாட்டை மிரள வைக்கிறார்கள் என்று. மறுநாளே வெள்வேல முள்ளைக் கட்டுக் கட்டாக வெட்டி இரண்டு கடவையும் அடைத்துவிட்டான்.

"நீங்க சொன்னீங்கன்னு பாய் சொன்னாருங்க மச்சான். அதான் யோசிக்கவே இல்லீங்க" என்றான் என்னிடம், பெருமையாக.

அடுத்த வாரம் உமர் பாய் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டு, எடுத்து வைத்திருந்த படங்களை டிவியில் போட்டுக் காட்டினார். இந்த வகைச் சிலந்திகள் தனித்தனியாக வலை கட்டுவதில்லை. ஒரே கூட்டில் கூட்டமாக இருந்து, சேர்ந்தே வலை பின்னி, மாட்டிய விட்டிலைச் சேர்ந்தே இழுத்துவந்து தின்கின்றன. ஒரு படத்தில் ஒரு சிலந்தி, பின்னங்காலிலிருக்கும் சீப்பு போன்ற மயிரால் நூலைச் சீவிச் சீவிப் பஞ்சாக்கிக்கொண்டிருந்தது.

"பாருங்ணா, மில்லுல பஞ்சு சீவற கார்டிங் மெசினு! பசையே இல்லீங்க. பஞ்சுதான் பூச்சியப் புடிக்குது" என்றார்.

இன்னொரு படத்தில் வற்றிப்போன ஒரு தாய்ச் சிலந்தி. அதன் மேல் கடுகு கடுகாகக் குஞ்சுகள். இரை ஊட்டி முடித்ததும் அந்தத் தாய் தன் உடம்பையே குஞ்சுகளுக்குக் கொடுத்துவிடுமாம்.

"ஊட்டுல இப்ப நான் ஒரு ஆளுதானுங்க. பொழுது எறங்கற நேரம் அங்க போயி உக்காந்தா, எத்தன பேரு! அதுக்குத்தானுங்க போனேன்" என்றார்.

அப்போதும் உண்மையைச் சொல்லாமல், படங்களைத்தான் புகழ்ந்தேன். அவர் மகன் கொண்டுவந்து வைத்த டீ ஆறிப்போனது.

ரீனா கேட்ட உதவி

ரத்த அழுத்தம் பார்க்க ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். வரிசையில் ஒரு பெண், கணுக்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழ முயன்றாள். ரீனா. ஒடிசாக்காரி. நான் ஓய்வு பெறுவதற்கு முன் என் செக்கிங் மேஜையில் இருந்தவள். இப்போது அந்தக் கிழக்குக் கம்பெனியில் வேலை.

"உக்காரும்மா. என்ன ஆச்சு?"

"ரோட்டுல பைக் இடிச்சுருச்சுங்க சார். பின்னாடி லாரி. நல்லவேளை, பள்ளத்துல விழுந்தேனுங்க."

"ரோட்டு மேல எதுக்குப் போனே?" கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"கடவு அடைச்சுட்டாங்கல்லீங்க. நாங்க சிலந்திக் கூட்டப் பிச்சுட்டமாம்." சிரித்தாள். "சார், சிலந்தியப் பார்த்தா நான் ஊட்ட விட்டே ஓடிருவேனுங்க. நான் போயி பிய்ப்பனா?"

நான் டோக்கன் சீட்டை மடித்துப் பையில் வைத்தேன்.

"அந்தத் தோட்டத்துக்காரரு உங்க சொந்தந்தானுங்களே சார். நாங்க பண்ணலீன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவாங்க."

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். "பாக்கறேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, அழுத்தம் பார்க்காமலேயே வெளியே வந்துவிட்டேன். பார்த்திருந்தால் மிஷின் உடைந்திருக்கும்.

முள்ளை இழுத்த காலை

மறுநாள் காலை ஷிப்ட்டுக்கு முன்னால் மேற்குக் கடவுக்கு வரச் சொல்லி சென்னியப்பனுக்கும் உமர் பாய்க்கும் போன் செய்தேன். ஹாஸ்டலுக்குப் போய் ரீனாவையும் மற்ற பெண்களையும் கடவுக்கு வரச் சொல்லிவிட்டு, மண் தடம் வழியாகச் சுற்றி உள்ளே போனேன். முள்ளுக்கு அந்தப் பக்கம் அவர்கள், சாப்பாட்டுப் பையோடு. இந்தப் பக்கம் நாங்கள் மூன்று பேர்.

"மாப்ள, பாய். கூட்டப் பிச்சது நான்தான். பஞ்சுன்னு நெனச்சுப் பிச்சேன். ஆஸ்டல் ஆளுங்கன்னு சொன்னது பொய்."

உமர் பாய் அந்தக் கூடு இருந்த கிளுவையைத் திரும்பிப் பார்த்தார்.

"பஞ்சுங்களா?" என்றார் உமர் பாய். பிறகு இன்னும் மெதுவாக, "ஏனுங்ணா, பஞ்சுங்களா?"

சென்னியப்பன்தான் வெடித்துச் சிரித்தான். "அட மச்சான்! ஊசி ஓட்டையெல்லாம் கண்டுபுடிக்கற கண்ணுன்னு எங்கக்கா ஊரெல்லாம் பீத்திட்டுத் திரியறா!" சிரிப்பு அடங்கியதும் என் பக்கம் நெருங்கி, குரலைத் தாழ்த்தினான். "செரி, உடுங்க. இத்தன பேரு முன்னால எதுக்குங்க இதெல்லாம்? அடச்சது அடச்சதா இருக்கட்டும். இப்பத் தொறந்தா, மச்சான் பேச்சக் கேட்டுட்டு ஏமாந்தான்னு என்னையல்ல சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும் மாப்ள. லாரி ஏறி ஒருத்தி செத்தா எவன் சிரிப்பான்?"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முள் கட்டைப் பிடித்து இழுத்தேன். விரல் நீளத்துக்கு வெள்ளை முள். முதல் இழுப்பிலேயே உள்ளங்கை கிழிந்தது. கட்டு அசைந்தது, நகரவில்லை. மறுபடி இழுத்தேன். ரத்தத்தைப் பார்த்துப் பெண்கள் தங்கள் மொழியில் கத்தினார்கள்.

உமர் பாய் கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றிக் கல்லின் மேல் வைத்தார். வந்து மறுமுனையைப் பிடித்தார்.

"பாய், நான் உங்ககிட்ட..."

"பேசாதீங்ணா. இழுங்க."

அந்தப் பக்கத்திலிருந்து பெண்களும் தள்ள ஆரம்பித்தார்கள். அதைப் பார்த்ததும் சென்னியப்பனுக்குப் பொறுக்கவில்லை. "ஏ கண்ணு, கையக் கிய்ய வெச்சறாதீங்க, முள்ளு!" என்று கத்திக்கொண்டே காட்டுக்குள் இருக்கும் சாளை வீட்டுக்கு ஓடி, கவைக்கோலோடு திரும்பி வந்தான். முனை இரண்டாகப் பிரிந்த அந்தக் கோலால் கட்டுகளை ஒவ்வொன்றாகக் குத்தித் தூக்கி எறிந்தான். நாங்கள் இரண்டு கிழவர்களும் மல்லாடிய முள்ளை அவன் வைக்கோல் மாதிரி வீசினான். "கிழக்கால கடவையும் இப்பவே பிரிச்சுப் போடறேன். வாங்க, வாங்க. கம்பெனிக்கு நேரமாவுதில்ல?"

ரீனா நொண்டிக்கொண்டு முதலில் நுழைந்தாள். நான் கைகூப்பினேன். கூப்பிய கையில் ரத்தம் ஒட்டியது.

"மன்னிச்சுக்கம்மா. எல்லார்கிட்டயும் சொல்லு."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "சார், நான் ஒரு பீஸ் விட்டா எப்படித் திட்டுவீங்க! இன்னிக்கு நீங்கதானுங்க ரிஜெக்ட்டு."

அதை அவள் தன் மொழியிலும் சொல்லியிருக்க வேண்டும். வரிசை முழுக்கச் சிரிப்பு ஓடியது. சிரித்துக்கொண்டே ஒருவர் பின் ஒருவராகக் கடவைத் தாண்டிப் புல்லுக்குள் நடந்தார்கள். என் வாழ்க்கையில் அத்தனை பேர் ஒன்றாகச் சேர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை. அத்தனை சந்தோஷமாக நான் நின்றதும் இல்லை.

அதற்குப் பிறகு

உமர் பாய் கையைத் துடைத்துக்கொண்டு, கேமராவை எடுத்துக்கொண்டு, ஒரு வார்த்தையும் சொல்லாமல் போய்விட்டார். அன்றைக்கு மட்டும் இல்லை. கார்த்திகை முழுக்கப் பேசவில்லை. அதில் அவர்மேல் தப்பே கிடையாது.

கையில் கட்டுப் பிரித்ததும் நான் வேலியைச் சுற்ற ஆரம்பித்தேன். இந்தச் சிலந்திகள் கூடு பெருத்தால் சில பிரிந்து போய்ப் பக்கத்திலேயே புதுக் கூடு போடும் என்று படித்திருந்தேன். கத்திரியை வீட்டுத் தையல் பெட்டியில் போட்டுவிட்டேன். வேலியில் வெள்ளையாகத் தொங்கும் ஒவ்வொன்றையும், தொடாமல், தள்ளி நின்று படமெடுத்தேன். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தேன். பஞ்சு. மறுபடியும் பஞ்சு. பனியன் துண்டு. பலூன் நூல். என் மனைவி எட்டிப் பார்த்து, "ஊர்க் குப்பையெல்லாம் போட்டோ எடுத்துட்டு வர்றாரு" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒரு நாள், கீழ்க்கோடி வேலியில் எடுத்த படம் ஒன்றில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பொதி. பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன். சருகின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கால். அதன் பின்னால் இன்னொரு கால். அதற்குள்ளே, இருட்டில், வரிசையாக மின்னும் கண்கள்.

நாற்காலியை விட்டு எழுந்து சத்தம் போட்டுவிட்டேன். அடுப்படியிலிருந்து மனைவி கரண்டியோடு ஓடிவந்தாள்.

ஒரு எழுத்துகூடச் சேர்க்காமல் அந்தப் படத்தை உமர் பாய்க்கு அனுப்பினேன். பதில் வரவில்லை. போன் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் வாசலில் மொபெட் சத்தம் கேட்டது. கேமராப் பை தோளில், தொப்பியைக்கூடத் தலைகீழாகப் போட்டுக்கொண்டு நின்றார்.

"எங்கீங்ணா?"

இப்போது அந்தக் கூடு ஒரு தலையணை அளவுக்கு வளர்ந்திருக்கிறது. கிளுவையை எடுத்துவிட்டுக் கம்பி வேலி போடலாம் என்று ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்த சென்னியப்பன், பொழுது சாய்ந்தால் கூட்டுக்குப் பக்கத்தில் போலீஸ்காரன் மாதிரி நிற்கிறான். கடவையும் இரண்டு பேர் சேர்ந்து நடக்கும்படி அகலப்படுத்திவிட்டான். ஷிப்ட் விட்டு வரும் பெண்கள் நின்று பார்க்கிறார்கள். ரீனா மட்டும் இன்னொருத்தியின் தோளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, கையை மட்டும் நீட்டிப் போனில் படமெடுப்பாள்.

போன வாரம் ஒரு சாயங்காலம் பெரிய விட்டில் ஒன்று வலையில் விழுந்தது. கூட்டுக்குள்ளிருந்து ஒன்று, இரண்டு, பிறகு எண்ண முடியாத அளவுக்குச் சிலந்திகள் வந்தன. பத்து ஊர்க்காரர்கள் ஒரே குரலில் 'ஆ' என்றார்கள். உமர் பாய் தனக்குத் தெரிந்த இந்தியில் விளக்கிக்கொண்டிருந்தவர், திடீரென்று என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார்.

"இதக் கண்டுபுடிச்சது இவருதானுங்க!"

"மொதல்ல இருந்ததப் பிச்சதும் நான்தான்" என்றேன்.

"அது எல்லாத்துக்கும் தெரியுமுங்க சார்" என்றாள் ரீனா, தோழியின் தோளுக்குப் பின்னாலிருந்து. "கொஞ்சம் நகருங்க. மறைக்குது."

நகர்ந்து நின்றேன்.